ஏடன் வளைகுடாவுக்குள் நுழையும் முன்: கப்பலில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கான கடற்கொள்ளைத் தடுப்பு வழிகாட்டி

சூயஸ் கால்வாய் வழியாக ஐரோப்பா போகும் சரக்குக் கப்பலிலோ, குஜராத்தில் எண்ணெய் ஏற்றி ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரைக்குப் போகும் டேங்கரிலோ உங்கள் முதல் ஒப்பந்தம் கிடைத்திருக்கலாம். கேடட், ஓஎஸ், வைப்பர், மெஸ்மேன் என எந்தப் பொறுப்பில் ஏறியிருந்தாலும் சரி, சோமாலியக் கடற்பகுதியைக் கடக்கும் நாட்களில் உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. பயிற்சிக் கல்லூரியில் பாதுகாப்புப் படிப்பு முடித்துச் சான்றிதழ் வாங்கியிருப்பீர்கள். அந்தச் சான்றிதழில் இல்லாத விவரங்கள்தான் இங்கே.

பின்னணி சுருக்கமாக. 1991-ல் சோமாலிய அரசு கவிழ்ந்த பிறகு அந்தக் கரையில் சட்டமும் இல்லை, காவலும் இல்லை. கப்பலையும் ஆட்களையும் பிடித்துவைத்துப் பணயத்தொகை கேட்பது தொழிலானது. 2011-ல் மட்டும் சோமாலியக் கொள்ளையர் கணக்கில் 237 தாக்குதல்கள் பதிவாயின. 2013-ல் அது 15 ஆகக் குறைந்தது. போர்க்கப்பல்களின் ரோந்து, கப்பல்கள் தாங்களே செய்துகொண்ட தற்காப்பு, ஆயுதக் காவலர்கள் ஆகிய மூன்றும் சேர்ந்ததால் வந்த குறைவு அது. பிறகு பல கப்பல்களில் முள்கம்பிச் சுருள்கள் ஸ்டோர் அறைக்குப் போயின. 2023 டிசம்பரில் ‘ரூயன்’ என்ற கப்பல் கடத்தப்பட்டது. 2024 மார்ச்சில் வங்கதேசக் கப்பல் ‘அப்துல்லா’ 23 பேரோடு பிடிபட்டு ஒரு மாதம் கழித்தே விடுபட்டது. ஸ்டோர் அறைக்குப் போன கம்பி மறுபடி டெக்குக்கு வந்தது.

முதலில் நேரக் கணக்கு

மற்ற எல்லா ஏற்பாட்டுக்கும் காரணம் இந்தக் கணக்குதான். இதை மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

கொள்ளையர் வருவது ஸ்கிஃப் என்ற திறந்த சிறு படகில். சக்திவாய்ந்த வெளிப்பொருத்து மோட்டார் இருக்கும், 25 நாட் (மணிக்கு 25 கடல் மைல்) வரை ஓடும். உங்கள் கப்பல் 13 நாட்டில் போகிறது என்று வையுங்கள். பின்பக்கம் 4 கடல் மைலில் அந்தப் படகைப் பார்த்துவிட்டால், அது உங்களை நெருங்கும் வேகம் 12 நாட். பக்கவாட்டைத் தொட 20 நிமிடம் ஆகும். 2 மைலில்தான் பார்த்தீர்கள் என்றால் 10 நிமிடம். இதே கப்பல் 18 நாட் ஓடினால் 4 மைல் தூரத்தை எட்ட 34 நிமிடம் பிடிக்கும். வேகமும் கண்ணும்தான் நேரத்தைக் கூட்டித் தருகின்றன.

உதவியின் கணக்கு வேறு. 100 கடல் மைல் தள்ளி ஒரு போர்க்கப்பல் நிற்கிறது என்றால், 25 நாட்டில் விரைந்தாலும் வந்து சேர 4 மணி நேரம். ஹெலிகாப்டர் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம், ஆனால் தனியாக அது கப்பலை மீட்காது. 10 நிமிடத்துக்கும் 4 மணி நேரத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைக் கப்பலில் இருப்பவர்கள்தான் நிரப்ப வேண்டும். கொள்ளையன் ஏறுவதைத் தாமதப்படுத்துங்கள். ஏறிவிட்டால் உங்களிடம் வந்து சேருவதைத் தாமதப்படுத்துங்கள். கம்பி, ஹோஸ், கதவு, சிட்டடல் (எல்லோரும் உள்ளே பூட்டிக்கொள்ளும் பாதுகாப்பு அறை) எல்லாமே நேரம் வாங்கும் கருவிகள்.

எந்தக் கப்பல் எளிதில் சிக்கும்? தண்ணீர் மட்டத்திலிருந்து டெக் விளிம்பு வரையுள்ள உயரம், அதாவது ஃப்ரீபோர்டு, 8 மீட்டருக்குக் குறைவாக இருந்தால் கொக்கி மாட்டிய ஏணி எளிதில் எட்டும். முழுச் சுமையோடு போகும் டேங்கரும் பல்க் கேரியரும் இதில் அடங்கும். கடல் அமைதியாக இருக்கும் மாதங்கள் கொள்ளையருக்குச் சாதகம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை சோமாலியாவின் கிழக்கே திறந்த கடலில் ஸ்கிஃப் ஓட்டுவது கடினம். காற்று ஓய்ந்ததும் ஆபத்து கூடும். ஏடன் வளைகுடா மூன்று பக்கமும் கரை சூழ்ந்ததால் அங்கே பருவக்காற்றின் தடை குறைவு.

முள்கம்பி: பெரும்பாலான தவறுகள் நடக்கும் இடம்

ஆபத்துப் பகுதிக்குள் நுழைவதற்கு முன்பே, கடல் சாந்தமாக இருக்கும் பகல் நேரத்தில் டெக் ஆட்களின் தலைவரான போசன் உங்களைக் கம்பி கட்டக் கூப்பிடுவார். ரேசர் வயர் சுருள் பொதுவாக 730 மில்லிமீட்டர் அல்லது 980 மில்லிமீட்டர் விட்டத்தில் வரும். அதில் இருப்பவை சாதாரண முள் அல்ல, பிளேடு. பருத்திக் கையுறை ஒரு நொடியில் கிழியும். முழங்கை வரை வரும் தடித்த தோல் கையுறை, கண்ணாடி, முழுக்கை பாய்லர் சூட் மூன்றும் இல்லாமல் தொடாதீர்கள். சுருளின் கட்டை வெட்டும்போது அது ஸ்பிரிங் போலத் துள்ளி விரியும். வெட்டுபவர் பக்கவாட்டில் நிற்க வேண்டும், எதிரே யாரும் நிற்கக்கூடாது. இரண்டு பேர் இரண்டு முனையையும் பிடித்து மெல்ல விரிக்க வேண்டும். ரெயிலுக்கு வெளியே சாய்ந்து வேலை செய்பவர் சேஃப்டி ஹார்னஸும் லைஃப் ஜாக்கெட்டும் அணிந்தே தீர வேண்டும். கொள்ளையன் இல்லாமலேயே ஆள் கடலில் விழும் வேலை இது.

கட்டும் முறை இப்படி. சுருள் ரெயிலுக்கு வெளிப்பக்கம் துருத்தி நிற்க வேண்டும். உள்பக்கம் கட்டினால் ஏணியின் கொக்கி ரெயிலில் வசதியாக மாட்டிவிடும், கம்பி வெறும் அலங்காரமாகிவிடும். முடிந்தால் இரண்டு சுருள், ஒன்றன்மேல் ஒன்றாக. ஒரு சுருளுக்குத்தான் இருப்பு இருக்கிறது என்றால் தரமானதாகப் பார்த்து வெளியே தள்ளிக் கட்டுங்கள். சுருளின் நடுவே ஒரு எஃகு வயரை நீளவாக்கில் ஓட்டி, அதை அடுத்தடுத்து ரெயிலோடும் அதைத் தாங்கும் கம்பமான ஸ்டான்ஷனோடும் இறுக்குங்கள். கட்டுவதற்கு நைலான் கயிறு வேண்டாம், கத்தி பட்டால் அறுந்துவிடும். பத்து அடிக்கு ஒரு கட்டு என்று விட்டால், கொள்ளையன் ஏணிக் கொக்கியால் இழுத்தே சுருளைப் பிய்த்தெடுத்துவிடுவான்.

கம்பி பற்றாக்குறை வரும்போது எல்லாக் கப்பலிலும் ஒரே தவறுதான்: இருக்கும் சுருளை மேலும் இழுத்து நீளம் கூட்டுவது. வளையங்கள் அகன்று ஆள் நுழையும் இடைவெளி உண்டாகிவிடும். அதற்குப் பதில், பின்பகுதியிலும் ஃப்ரீபோர்டு குறைந்த நடுப்பகுதியிலும் அடர்த்தியாகக் கட்டி, உயரமான முன்பகுதியில் குறைத்துக்கொள்ளலாம். முடிவு சீஃப் ஆஃபீசருடையது.

கட்டி முடித்ததும் ஒரு சுற்று நடந்து பாருங்கள். கொள்ளையனின் கண்ணால் பார்க்க வேண்டும். பைலட் ஏணி இறக்கும் இடத்தில் கம்பி திரும்ப மூடப்பட்டிருக்கிறதா? பின்பக்கத்துப் பூப் டெக்கின் இரு மூலைகளில் சுருள்கள் ஒன்றோடொன்று சேர்கின்றனவா? மூரிங் கயிறு போகும் ஃபேர்லீடு துவாரங்கள் திறந்திருக்கின்றனவா? நங்கூரச் சங்கிலி போகும் ஹாஸ் பைப்புக்கு மூடி போட்டாயிற்றா? ஒரு அடி இடைவெளி இருந்தாலும் போசனிடம் சொல்லுங்கள். புதியவர் சொல்வதா என்ற தயக்கம் இந்த விஷயத்தில் கூடாது. லைஃப் போட் இறக்கும் வழியைக் கம்பி அடைத்துவிடக்கூடாது என்பதையும் அதே சுற்றில் பார்த்துவிடுங்கள்.

தண்ணீர், கதவு, விளக்கு, பிரிட்ஜ்

ஃபயர் ஹோஸ்களை ரெயிலில் நிலையாகக் கட்டி, தண்ணீர் வெளிப்பக்கம் கீழ்நோக்கி அடிக்குமாறு நாசிலைத் திருப்புங்கள். 80 பிஎஸ்ஐ அல்லது அதற்கு மேல் அழுத்தம் இருந்தால் ஸ்கிஃப் பக்கவாட்டில் ஒட்டி நிற்பது கடினம், படகுக்குள் தண்ணீர் நிரம்பும், மோட்டார் நனையும். நாசிலை மட்டும் கட்டிவிட்டு ஹோஸின் வயிற்றைக் கட்டாமல் விட்டால், பம்ப் ஓடியதும் அது பாம்பாகத் துள்ளி நாசிலைப் பிடுங்கிவிடும். இரண்டு இடத்திலாவது கட்டுங்கள். எல்லா ஹோஸையும் ஒரே நேரத்தில் திறந்து சோதியுங்கள், தனித்தனியாகச் சோதித்தால் அழுத்தம் குறைந்தாலும் சரியாக இருப்பதுபோலத்தான் தெரியும். துப்பாக்கிச் சூடு தொடங்கிய பிறகு ஹோஸைக் கையில் பிடித்துக்கொண்டு யாரும் டெக்கில் நிற்கக்கூடாது.

ஆட்கள் தங்கும் பகுதியான அக்கமடேஷனுக்குள் வர ஒரே ஒரு கதவை வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் உள்ளிருந்து அடைக்க வேண்டும். கதவின் கைப்பிடிகளுக்குக் குறுக்கே எஃகுப் பட்டை போட்டு இறுக்குவது வழக்கம். ஆனால் தீ விபத்தில் தப்பும் வழியாகக் குறிக்கப்பட்ட கதவு உள்ளிருந்து திறக்கும்படியே இருக்க வேண்டும். பூட்டுப் போட்டுச் சாவியை வேறொரு டெக்கில் வைத்தால் கொள்ளையனைவிட அந்தப் பூட்டே ஆளைக் கொல்லும். வெளிப்புற ஏணிகளில் கழற்றக்கூடியவற்றைக் கழற்றுங்கள். கேஸ் கட்டர், வெல்டிங் சாமான், பெரிய சுத்தியல், கிரைண்டர் எதையும் டெக்கில் விடாதீர்கள். காரணம் கீழே சிட்டடல் பகுதியில் வரும்.

இரவில் வழிகாட்டு விளக்குகள் எரியட்டும், மற்ற டெக் விளக்குகளை அணையுங்கள். உங்கள் கேபின் ஜன்னலின் இரும்பு மூடியையும் போடுங்கள். கப்பலை இயக்கும் அறையான பிரிட்ஜில் கண்ணாடி சிதறாமல் இருக்க ஃபிலிம் ஒட்டியிருப்பார்கள், அதன் இருபுறமும் நீளும் விங்குகளில் மணல் மூட்டை, காவலுக்கு நிற்பவருக்குக் குண்டுதுளைக்காத உடையும் தலைக்கவசமும் இருக்கும். வெயிலில் அந்த உடை கனக்கும், புழுங்கும். அதற்காகக் கழற்றி நாற்காலியில் மாட்டாதீர்கள்.

இன்ஜின் ரூமில் இருப்பவர்களுக்கு: ஆபத்துப் பகுதியில் கூடுதல் ஜெனரேட்டரும் இரண்டு ஸ்டியரிங் மோட்டாரும் ஓட்டத்தில் இருக்கும். பிரிட்ஜ் கேட்டவுடன் வேகத்தைக் கூட்டத் தயாராக இருக்க வேண்டும் என்பதே காரணம்.

யாரிடம் பதிவு செய்வது, கடற்படைகள் எங்கே நிற்கின்றன

இது கேப்டனும் செகண்ட் மேட்டும் செய்யும் வேலை. ஆனாலும் ஒழுங்கு தெரிந்திருந்தால் பிரிட்ஜில் நடப்பது புரியும்.

இரண்டு பதிவுகள். ஐரோப்பிய ஒன்றியக் கடற்படை நடத்தும் எம்எஸ்சிஐஓ (முன்பு எம்எஸ்சிஹெச்ஓஏ) மையத்தில் கப்பலின் பயண விவரத்தை முன்கூட்டியே பதிவு செய்வார்கள். பிறகு, பதிவுப் பகுதிக்குள் நுழையும்போது பிரிட்டிஷ் கடற்படையின் யூகேஎம்டிஓ மையத்துக்கு முதல் அறிக்கை, அதன்பின் தினம் ஒரு அறிக்கை, வெளியேறும்போது கடைசி அறிக்கை. தாக்குதல் நடந்தால் முதல் தொலைபேசி அழைப்பும் யூகேஎம்டிஓவுக்கே. அந்த எண் பிரிட்ஜில் எங்கே ஒட்டியிருக்கிறது என்று இன்றே பாருங்கள். சிட்டடலிலும் அதே தாள் இருக்க வேண்டும்.

ஏடன் வளைகுடாவின் நடுவே 2009-ல் ஒரு பரிந்துரைக்கப்பட்ட பாதை வகுக்கப்பட்டது. கிட்டத்தட்ட 490 கடல் மைல் நீளம். கிழக்கே போக ஒரு தடம், மேற்கே போக ஒரு தடம், ஒவ்வொன்றும் 5 மைல் அகலம். நடுவில் 2 மைல் இடைவெளி. மேற்கு நோக்கிய தடம் வடக்கில் இருக்கிறது. ஒரே வேகமுள்ள கப்பல்கள் ஒரே நேரத்தில் நுழைந்து கூட்டமாகக் கடக்க 10, 12, 14, 16, 18 நாட் என்று வேகவாரியாக நேர அட்டவணை போட்டார்கள். அந்தியும் விடியலும் ஆபத்து மிகுந்த நேரங்கள் என்பதால், அந்த நேரங்களில் எந்தக் கூட்டம் எந்த இடத்தில் இருக்கும் என்பதைக் கணக்கிட்டுப் போர்க்கப்பல்களை நிறுத்த முடிந்தது.

அங்கே நிற்பது ஒரே படை அல்ல. இந்தியக் கடற்படை 2008 அக்டோபரிலிருந்து ரோந்து போகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் அடலாண்டா நடவடிக்கை 2008 டிசம்பரில் தொடங்கியது, சீனாவும் அதே மாதம் கப்பல்களை அனுப்பியது. பல நாடுகள் சேர்ந்த சிடிஎஃப் 151 என்ற படைப்பிரிவு 2009 ஜனவரியில் அமைந்தது. நேட்டோவின் ஓஷன் ஷீல்டு 2016-ல் முடித்துக்கொண்டு போய்விட்டது. ஒன்றோடொன்று ஒத்துப்போகாத நாடுகளும் ‘ஷேட்’ என்ற கூட்டத்தில் உட்கார்ந்து யார் எங்கே நிற்பது என்று பேசிக்கொள்கின்றன. ஆனால் சோமாலியாவின் கிழக்கே திறந்த கடல் மிகப் பரந்தது. பாதையை விட்டு வெளியே வந்துவிட்டால், அருகில் போர்க்கப்பல் இருக்கும் என்று கணக்குப் போடாதீர்கள்.

காவல் நிற்பது, மீனவரையும் கொள்ளையரையும் பிரித்தறிவது

புதியவருக்குக் கட்டாயம் கிடைக்கும் வேலை இது. வழக்கமான காவலோடு பின்பக்கம் பார்க்க ஒரு ஆள் கூடுதலாக நிற்பார். ஸ்கிஃப் பெரும்பாலும் பின்பக்க மூலைகளிலிருந்து வரும், அங்கே புகைக்கூண்டும் அக்கமடேஷனும் பிரிட்ஜின் பார்வையை மறைக்கின்றன. ரேடாரை மட்டும் நம்பக்கூடாது. தண்ணீரோடு ஒட்டிய சிறு படகின் எதிரொலி அலைகளின் எதிரொலியில் கரைந்துவிடும். பைனாகுலரை வைத்துக்கொண்டே நிற்காமல், முதலில் வெறுங்கண்ணால் அடிவானத்தைப் பகுதி பகுதியாகத் துழாவுங்கள். வெண்ணுரை, சூரியனுக்கு நேர் கீழே ஒரு கறுப்புப் புள்ளி, நின்றுகொண்டே இருக்கும் ஒரு மீன்பிடிக் கப்பல் என எது தென்பட்டாலும் பிறகு பைனாகுலர்.

தகவல் சொல்லும் முறை: எந்தத் திசை, எவ்வளவு தூரம், எத்தனை படகு, எத்தனை ஆள், என்ன வைத்திருக்கிறார்கள். ‘ஏதோ படகு வருது சார்’ என்றால் அதிகாரி திரும்பவும் நாலு கேள்வி கேட்க வேண்டியிருக்கும், அந்த நேரத்தில் படகு அரை மைல் நெருங்கியிருக்கும். ‘போர்ட் குவாட்டர், 3 மைல், இரண்டு ஸ்கிஃப், ஒவ்வொன்றிலும் ஐந்தாறு பேர், ஏணி தெரியுது’ — இது போதும் (போர்ட் குவாட்டர் என்றால் இடப்பக்கப் பின்மூலை).

ஸ்கிஃப் நூற்றுக்கணக்கான மைல் தானாக வராது. பிடித்துவைத்த மீன்பிடிக் கப்பல் ஒன்றைத் தாய்க்கப்பலாக்கி அதன் பின்னால் இழுத்து வருவார்கள். 2024 ஜனவரி இறுதியில் ஐஎன்எஸ் சுமித்ரா அடுத்தடுத்து இரண்டு ஈரானிய மீன்பிடிக் கப்பல்களை மீட்டது. ஒன்றில் 17 ஈரானியர், மற்றொன்றில் 19 பாகிஸ்தானியர் பிணையாக இருந்தார்கள். ஒரு மீன்பிடிக் கப்பல் வெறும் ஸ்கிஃப்களை இழுத்துக்கொண்டு, வலை போடாமல், உங்கள் பாதைக்குக் குறுக்கே நிற்கிறது என்றால் உடனே சொல்லுங்கள்.

இதன் மறுபக்கம் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். குமரி மாவட்டத் தூத்தூர்ப் பகுதி மீனவர்கள் அரபிக்கடலின் ஆழத்தில் வாரக்கணக்கில் தொழில் செய்கிறார்கள். 2012 பிப்ரவரி 15 அன்று, கேரளக் கரைக்கு அப்பால் ‘என்ரிகா லெக்ஸி’ என்ற இத்தாலிய டேங்கரில் இருந்த கடற்படை வீரர்கள் ‘செயிண்ட் ஆண்டனி’ என்ற மீன்பிடிப் படகைக் கொள்ளையர் படகு என்று சுட்டதில் இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். ஒருவர் குமரி மாவட்டத்துக்காரர். வழக்கு பன்னாட்டுத் தீர்ப்பாயம் வரை போய், 10 கோடி ரூபாய் இழப்பீட்டுக்குப் பிறகு 2021-ல்தான் இந்திய உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. காவல் நிற்பவர் ஒழுங்காகப் பார்த்துச் சொல்வது உங்கள் கப்பலை மட்டும் காப்பதில்லை.

மீனவர் படகில் வலை, மிதவைகள், கொடி கட்டிய மூங்கில், ஐஸ் பெட்டி, காயும் துணி இருக்கும். வலைக்கு மேல் கப்பல் ஏறிவிடுமோ என்ற பயத்தில் அவர்கள் கப்பலை நோக்கி வேகமாக வருவதும் கையை ஆட்டுவதும் உண்டு. அது தாக்குதல் அல்ல, ‘தள்ளிப் போ’ என்ற கெஞ்சல். ஏமன், சோமாலியக் கரை மீனவர்கள் தற்காப்புக்குத் துப்பாக்கி வைத்திருப்பதும் வழக்கம், எனவே துப்பாக்கி மட்டும் அடையாளமாகாது. கொள்ளையர் படகில் மீன்பிடிச் சாமான் ஏதும் இருக்காது. படகின் அளவுக்கு மிஞ்சிய மோட்டார், மீன் பிடிக்கத் தேவைப்படாத அளவுக்கு ஆட்கள், எரிபொருள் டிரம்கள், எல்லாவற்றுக்கும் மேலாக ஏணி. மீன் பிடிக்க ஏணி எதற்கு? கப்பல் திசையை மாற்றினால் அதுவும் மாற்றிப் பின்தொடர்கிறதா என்பதையும் பாருங்கள்.

ஆயுதக் காவலர் இருந்தால் அவர்கள் வேலை அவர்களுக்கு. அவர்களுடைய ஆயுதத்தைத் தொடாதீர்கள், படம் எடுக்காதீர்கள். 2013 அக்டோபரில் தூத்துக்குடிக்கு அப்பால் பிடிபட்ட, ஆயுதக் காவலர்களை ஏற்றியிருந்த ‘சீமேன் கார்டு ஓகையோ’ கப்பலின் 35 பேரும் ஆயுத ஆவணங்கள் தொடர்பான வழக்கில் சிக்கி, 2017 நவம்பரில்தான் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையால் விடுதலையானார்கள்.

அலாரம் அடித்தால்

ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் பொது அலாரம். அதற்கு நீங்கள் ஓடுவது லைஃப் போட் அருகே, அதாவது வெளியே. கடற்கொள்ளைத் தாக்குதலில் அதே இடம் துப்பாக்கிக்கு நேர் எதிர். ஆகவே இதற்குத் தனி ஒலியோ தனி அறிவிப்போ கப்பலில் இருக்கும். ஏறிய நாளிலேயே அதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தூக்கத்தில் கேட்டாலும் வித்தியாசம் தெரிய வேண்டும்.

பிரிட்ஜில் நடப்பவை: இன்ஜினை முழு வேகத்துக்குக் கொண்டுவருவார்கள். எஸ்எஸ்ஏஎஸ் என்ற ரகசிய அபாயப் பொத்தானை அழுத்துவார்கள், அது கப்பலில் சத்தமே போடாது, கம்பெனிக்கும் கப்பல் பதிவான கொடி நாட்டுக்கும் செய்தி போகும். யூகேஎம்டிஓவுக்கு அழைப்பு, விஹெச்எஃப் ரேடியோவின் 16-ஆம் சேனலில் அபாய அறிவிப்பு. கப்பலைச் சிறு சிறு கோணங்களில் வலமும் இடமும் திருப்புவார்கள். அதனால் எழும் அலையில் ஸ்கிஃப் பக்கவாட்டில் நிலைகொள்ளாது. பெரிய கோணத்தில் திருப்பினால் கப்பலின் வேகம் இறங்கிவிடும், அது கொள்ளையருக்கே உதவி.

உங்கள் வேலை, டெக்கில் இருந்தால் உடனே உள்ளே வந்து கதவை அடைத்து, எல்லோரும் கூடுவதற்கு உள்ளே குறிக்கப்பட்ட மஸ்டர் இடத்தில் தலை எண்ணிக்கை கொடுப்பது. ஜன்னலுக்குப் போய்ப் பார்க்காதீர்கள், போனில் படம் பிடிக்காதீர்கள். ஆர்பிஜி குண்டுக்கும் ஏகே துப்பாக்கிக்கும் அக்கமடேஷன் ஜன்னல் ஒரு தடையே அல்ல.

சிட்டடல்

கொள்ளையர் ஏறிவிட்டார்கள் என்று கேப்டன் முடிவு செய்தால் அனைவரும் சிட்டடலுக்குள் போக வேண்டும். அது பெரும்பாலும் ஸ்டியரிங் கியர் ரூம் அல்லது இன்ஜின் கன்ட்ரோல் ரூம் பகுதி. கடற்படை வீரர்கள் ஏறி மீட்பதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. ஒருவர் விடாமல் எல்லோரும் உள்ளே இருக்க வேண்டும். உள்ளிருந்து நம்பகமான இருவழித் தொடர்பு இருக்க வேண்டும். கொள்ளையரால் கப்பலை ஓட்ட முடியாமல் இருக்க வேண்டும்.

இந்த மூன்றில் முதலாவதுதான் அடிக்கடி தவறும். ஒருவர் வெளியே இருந்தாலும் அவர் பிணை, கடற்படை சுட முடியாது. 2009 ஏப்ரலில் ‘மேர்ஸ்க் அலபாமா’வில் 20 பேரில் பெரும்பாலோர் இன்ஜின் ரூமில் பதுங்கிக் கப்பலைக் காப்பாற்றினார்கள். ஆனால் வெளியே சிக்கிய கேப்டனைக் கொள்ளையர் லைஃப் போட்டில் கொண்டுபோய்விட்டார்கள். கதவருகே எல்லோர் பெயரும் எழுதிய தாளும் பேனாவும் தொங்கட்டும். உள்ளே வரும் ஒவ்வொருவர் பெயரையும் அடித்த பிறகே கதவு மூட வேண்டும். ‘எல்லாரும் வந்தாச்சு’ என்ற பேச்சு கணக்கல்ல. ஒத்திகையில் நேரம் பிடித்துப் பாருங்கள்: சமையலறையிலிருந்து, முன் மாஸ்ட் பக்கமிருந்து, குளியலறையிலிருந்து எவ்வளவு நேரம்?

தொடர்பு: எஃகு அறைக்குள் சாட்டிலைட் போன் சிக்னல் பிடிக்காது. வெளியே ஆன்டெனா வேண்டும், அது கொள்ளையர் கண்ணில் படாத இடத்தில் இருக்க வேண்டும். பேட்டரி சார்ஜ் ஏறியிருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, கதவை மூடிவிட்டு உள்ளிருந்து ஒரு உண்மையான அழைப்பு போட்டுப் பாருங்கள்.

கப்பலை ஓட்டவிடாமல் செய்வது: மெயின் இன்ஜினை நிறுத்தி மின்சாரத்தையும் துண்டிப்பார்கள். எமர்ஜென்சி ஜெனரேட்டர் தானாகத் துவங்கிவிடாமல் பார்ப்பது இன்ஜினியர்கள் வேலை. இருட்டிலும் புழுக்கத்திலும் உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கும் என்று முன்பே தெரிந்தால் பயம் குறையும்.

இருப்பு: குறைந்தது 3 நாளுக்கு. 22 பேர், ஆளுக்குத் தினம் 4 லிட்டர் என்றால் 264 லிட்டர் தண்ணீர். சமைக்காமல் சாப்பிடும் உணவு, டார்ச், முதலுதவிப் பெட்டி, மூடியுள்ள பக்கெட்டும் பிளாஸ்டிக் பைகளும். நீரிழிவுக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுபவர் ஒரு வாரத்துக்கானதை இப்போதே சிட்டடலில் வைத்துவிடுங்கள். இன்ஜின் ரூம் பகுதியே சிட்டடல் என்றால், அங்கே கார்பன் டை ஆக்சைடு பாய்ச்சும் தீயணைப்பு அமைப்பின் கட்டுப்பாட்டு அறையைப் பூட்டியிருக்கிறார்களா என்று கேளுங்கள். அது வெளியிலிருந்து திறந்தால் உள்ளே இருப்பவர்களுக்கு மரணம்.

சிட்டடல் வேலை செய்ததற்கும் செய்யாததற்கும் சான்று உண்டு. 2024 ஜனவரியில் ‘லீலா நார்ஃபோக்’ கப்பலின் 21 பேர், அவர்களில் 15 பேர் இந்தியர், உள்ளே பூட்டிக்கொண்டார்கள். ஐஎன்எஸ் சென்னையிலிருந்து இந்தியக் கடற்படையின் மார்கோஸ் கமாண்டோக்கள் ஏறியபோது கொள்ளையர் ஓடிவிட்டிருந்தார்கள். 2025 நவம்பரில் ‘ஹெல்லாஸ் அஃப்ரோடைட்’ டேங்கரின் 24 பேர் இதேபோல் காத்திருந்து, ஸ்பெயின் போர்க்கப்பல் ‘விக்டோரியா’ வந்ததும் பத்திரமாக வெளியே வந்தார்கள். 2011 ஜனவரியில் ‘பெலூகா நாமினேஷன்’ கப்பலிலோ உதவி வரவில்லை. கொள்ளையர் இரண்டு நாள் கழித்து கேஸ் கட்டரால் எஃகை வெட்டி உள்ளே நுழைந்துவிட்டார்கள். டெக்கில் வெட்டுக் கருவி விடாதீர்கள் என்று மேலே சொன்னது இதனால்தான்.

கடற்படை வீரர்கள் உள்ளே வரும்போது

அவர்களுக்கு நீங்கள் யார் என்று தெரியாது. தரையில் படுங்கள், இரண்டு கையாலும் தலையை மூடுங்கள், கை காலியாகத் தெரிய வேண்டும். கையில் போன்கூட வேண்டாம். திடீரென்று எழுந்து ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்காதீர்கள், படம் எடுக்காதீர்கள், ஃபிளாஷ் வெளிச்சம் துப்பாக்கி வெளிச்சமாகத் தெரியும். அடையாளம் உறுதியாகும்வரை உங்கள் கையையும் கட்டலாம். எதிர்த்துப் பேச வேண்டாம்.

சிட்டடலுக்குப் போக முடியாமல் கொள்ளையரிடம் சிக்கிவிட்டால் எதிர்க்காதீர்கள், எதையும் மறைக்காதீர்கள், கேட்டதைக் கொடுங்கள், மற்றவர்களோடு சேர்ந்தே இருங்கள். அவர்களுக்கு வேண்டியது பணம், அதற்கு நீங்கள் உயிரோடு இருக்க வேண்டும்.

வேறு கடல், வேறு விதி

இங்கே சொன்னதை எல்லா இடத்திலும் அப்படியே பயன்படுத்தக்கூடாது. சிங்கப்பூர் ஜலசந்தியில் வருபவர்கள் பெரும்பாலும் இரவில் ஏறி இன்ஜின் உதிரிபாகங்களைத் திருடிக்கொண்டு ஓடுபவர்கள். சத்தமும் வெளிச்சமும் போட்டாலே பெரும்பாலும் போய்விடுவார்கள், துரத்தக்கூடாது. கினி வளைகுடாவில் கப்பலைவிட ஆளைக் கடத்துவதே நோக்கம். 2020-ல் அங்கே மட்டும் 130 பேர் கடத்தப்பட்டார்கள். செங்கடலில் ஏவுகணை, டிரோன் ஆபத்து என்றால் விதி தலைகீழ்: தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கும் இன்ஜின் ரூம் சிட்டடல் அங்கே பொறியாகிவிடும், மஸ்டர் இடம் தண்ணீர் மட்டத்துக்கு மேலே, கப்பலின் நடுப்பகுதியில் இருக்க வேண்டும். எந்த ஒலிக்கு எந்த இடம் என்று தனித்தனியாக மனப்பாடம் செய்யுங்கள்.

முடிந்த பிறகும், ஏறுவதற்கு முன்பும்

தாக்குதல் நடந்த இடத்தைக் கழுவிச் சுத்தம் செய்யாதீர்கள். ஏணி, தோட்டா உறை, விட்டுப்போன செருப்பு எல்லாமே சாட்சியம். கப்பலின் கருப்புப் பெட்டியான வாயேஜ் டேட்டா ரெக்கார்டரின் பதிவு அழியாமல் சேமிக்கச் சொல்லுங்கள். இந்தியாவில் 2022-ஆம் ஆண்டின் கடற்கொள்ளைத் தடுப்புச் சட்டம் 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்திருக்கிறது, ஆயுள் தண்டனை வரை உண்டு, உயிரிழப்பு ஏற்பட்டால் மரண தண்டனைக்கும் இடம் உண்டு. ரூயன் கப்பலை ஐஎன்எஸ் கொல்கத்தா 2024 மார்ச்சில் மீட்டபோது சரணடைந்த 35 பேரும் மும்பைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அப்படிப்பட்ட வழக்கில் உங்கள் வாக்குமூலம் தேவைப்படும். பார்த்ததை அன்றே நேரத்தோடு எழுதி வையுங்கள்.

வீட்டுக்கு: கம்பெனியின் அவசரத் தொடர்பு எண்ணை வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள். கொள்ளையர் பிணையாளிகளின் குடும்பத்துக்கே போன் செய்து மிரட்டுவதுண்டு, அப்போது பேரம் பேசாமல், டிவிக்காரர்களிடமும் சொல்லாமல், கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அவரிடம் சொல்லி வையுங்கள். பன்னாட்டுக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின் திருத்தம் 2020 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி கொள்ளையரிடம் பிணையாக இருக்கும் காலம் முழுவதும், ஒப்பந்தத் தேதி முடிந்துபோனாலும், உங்கள் வேலை ஒப்பந்தம் தொடரும், சம்பளமும் வீட்டுக்கு அனுப்பும் பணமும் நிற்காது. அதைக் கேட்டு வாங்க வேண்டியது வீட்டில் இருப்பவர். கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின் நகல் ஒன்றை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறுங்கள்.